சபீனா தேர்ந்தெடுத்த கேமரா

சபீனா லாருட்டா வண்ணக் கோடு போட்ட அவாயோத் துணியை முதுகில் குறுக்காகக் கட்டி, உள்ளே எதையோ பொதிந்துகொண்டு நடந்து வந்தால், பார்க்கிறவர்கள் குழந்தை என்றுதான் நினைப்பார்கள். எங்கள் மலைமேட்டு ஊர் எல் ஆல்ட்டோவில் பெண்கள் குழந்தையைச் சுமப்பது அப்படித்தான். "எத்தன மாசம்?" என்று மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஆசையாகக் கேட்பாள். "ஒம்பது வருஷம்" என்று இவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் பதில் சொல்வாள். உள்ளே இருப்பது ஒரு கேமராவும் மூன்று லென்சும்.

நான் ருஃபீனா. சபீனா படம் எடுப்பாள், நான் அச்சுப் போடுவேன். விழா நடக்கும் மண்டபத்தின் வாசலிலேயே என் பிரிண்டரை வைத்துவிடுவேன். அவள் உள்ளேயிருந்து கார்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். உள்ளே ஆடியவர்கள் சாப்பிட்டுவிட்டு வெளியே வருவதற்குள் அவர்கள் முகமெல்லாம் நடைபாதையில் பலகைகளின் மேல் வரிசையாகக் கிடக்கும். அவரவர் முகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு.

அவள் பதினான்கு வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குத் தரை துடைக்க வந்தவள். துடைத்து முடித்தால் அடையாள அட்டைப் படங்களைக் கத்தரிக்க விடுவார்கள். ஒரு நாள் முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டார், வாசலில் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கிறது. இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்பது பிள்ளைகளையும் எடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு படத்தைக்கூட அடையாள அட்டை அலுவலகத்தில் திருப்பி அனுப்பவில்லை. அதுதான் முதலாளிக்குக் கோபம். திட்டினார், ஆனால் மறுநாளிலிருந்து கேமராவை அவளிடமே விட்டுவிட்டார்.

அந்த ஸ்டுடியோ மூடியபோது அவர் கொடுத்துவிட்டுப் போன லென்ஸ்தான் அவளுடைய முதல் சொத்து. இரண்டாவதை, மலையேற வந்து காலை உடைத்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரனிடம் வாங்கினாள். மூன்றாவது எங்கள் வியாழக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் பொம்மைக் கைகளுக்கும் நடுவில் ஒரு போர்வையின் மேல் கிடந்தது. முன்கண்ணாடியில் கீறல். ஆனால் வெளிச்சம் இல்லாத இடத்திலும் பளிச்சென்று பார்க்கும். அதற்கு அவள் வைத்த பெயர் 'பூனை'. மூன்றும் சிவப்பு எழுத்துக் கம்பெனியின் லென்ஸ்கள். கேமரா கடைத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், சிவப்பு எழுத்து, மஞ்சள் எழுத்து என்று. ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கேமராவில் மாட்டாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர் ஒருவர் இதை நினைவில் வைக்க மறுத்ததால் வந்த வினைதான் மீதிக் கதை.

அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். சபீனா எங்கள் பெண்களைப் போல மடிப்புப் பாவாடையும் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாகத்தான் வேலைக்குப் போவாள். கழுத்தில் கேமரா தொங்கும்போதே அவளிடம் வந்து, "போட்டோகிராஃபர் எங்க, இன்னும் வரலையா?" என்று கேட்பார்கள். பாவாடை கட்டியவள் கேமராவை யாருக்காகவோ பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். அவள் பழகிப்போனாள். நான் பழகவில்லை, பழகவும் மாட்டேன்.

அந்தப் பெரிய மனிதர் தோன் எவாரிஸ்தோ தார்க்கி. நெடுஞ்சாலையில் டயர் கடை. முகமூடி போட்டு ஆடும் எங்கள் பகுதி மொரேனாதா ஆட்டக் குழுவுக்குத் தலைவர். நூற்று நாற்பது ஆட்டக்காரர்கள். அத்தனை பேர் வீட்டுக் கல்யாணமும் வீடு குடிபுகுதலும் சபீனாவுக்குத்தான் வரும். அவள் மகனுக்கு முதல் முடி இறக்கியவரும் அவர்தான். அதனால் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களைவிட நெருக்கமான உறவு எங்களுக்கு. ஒருவருக்கொருவர் மரியாதை குறைத்துப் பேசக்கூடாது.

திருவிழாச் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு வீடு, வண்டி, தையல் இயந்திரம், அடுப்பு, எது நமக்குச் சோறு போடுகிறதோ அதற்கெல்லாம் காகிதத் தோரணம் கட்டி, பூவிதழ் தூவி, பூமித்தாய் பச்சமாமாவுக்கு ஊற்றிக் கும்பிடுவோம். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் என் பிரிண்டருக்குச் செய்கிறேன். பிரிண்டருக்கு மாலை, தரைக்கு மது. பைத்தியக்காரி இல்லாத எவளும் பிரிண்டருக்குள் ஊற்ற மாட்டாள்.

சபீனாவும் மேஜையில் கேமராவை வைத்து மஞ்சள் தோரணம் சுற்றியிருந்தாள். லென்சையெல்லாம் துடைத்துத் தனியாக வைத்திருந்தாள், கேமராவின் வாய் திறந்திருந்தது. மூடியை எடுத்து வர உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்துத் தோன் எவாரிஸ்தோ பத்துப் பேரோடு வந்து சேர்ந்தார். காலையிலிருந்து பதினோரு வீட்டில் குடித்துவிட்டு வந்திருந்தார்.

"எங்க கொமாத்ரேயோட கண்ணு? கண்ணுக்கு ஊத்தலையா இன்னும்?" என்றார். பீர் புட்டியைக் கட்டை விரலால் அடைத்துக் குலுக்கினார். நான் "தோன் எவாரிஸ்தோ, வேணாம்" என்று கத்தினேன். கத்திய வாய் மூடுவதற்குள் நுரை பீய்ச்சி அடித்து நேராகத் திறந்திருந்த வாய்க்குள் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினார்கள்!

மூடியோடு வந்த சபீனா அப்படியே நின்றாள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாள். பீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் பழுது பார்ப்பவன் பிரித்துக் காட்டினான். "உள்ள பூரா பாகு காச்சின மாதிரி இருக்குங்க. சர்க்யூட் பலகை எரிஞ்சு போச்சு. இனி இது எந்திரிக்காது" என்றான்.

தோன் எவாரிஸ்தோவுக்கு விஷயம் போனது. மனிதர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் தலையிலிருந்த கிரீடம் விழுந்திருக்குமோ என்னவோ. ஆள் அனுப்பினார். "கவலப்பட வேணாம்னு கொமாத்ரேகிட்ட சொல்லு. புதுக் கேமராவுக்கு நானே பத்ரினோ."

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பத்ரினோ உண்டு. கேக்குக்கு ஒருவர், பேண்டு வாத்தியத்துக்கு ஒருவர், மணப்பெண்ணின் செருப்புக்கு ஒருவர். அந்தப் பொருளை அவர் கொடுப்பார், மைக்கில் பேர் சொல்வார்கள், பொருளின் மேல் அவர் பேர் போட்ட ரிப்பன் தொங்கும். கேடு செய்தவரே கொடையாளியாகிவிட்டார். கெடுத்ததை எல்லோரும் மறந்துவிடுவார்கள், கொடுத்ததை ரிப்பன் சொல்லும்.

"வேணாம்னு சொல்லிரு" என்றேன் சபீனாவிடம்.

"சொல்லிட்டு? நூத்தி நாப்பது பேரையும் நீ எடுப்பியா?" என்றாள். "அவர் குடுக்கட்டும் ருஃபி. அவர்தானே கெடுத்தாரு. ஆனா எதக் குடுக்கணும்னு நான் சொல்லுவேன்."

அவளுக்கு எது வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். கேமரா கடைத் தெருவில், ஒரு கடையின் கண்ணாடி அலமாரி மூலையில் ஒரு சிவப்பு எழுத்துக் கேமரா இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கைமாற்றிவிட்டது. ஓரமெல்லாம் கறுப்புத் தேய்ந்து பித்தளை தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் பெரியது, இருட்டு மண்டபத்தில் ஊதா விளக்குக்குக் கீழே ஆடுகிறவனின் முகத்தில் பொரிபொரியாகப் புள்ளி வராது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய மூன்று லென்சும் அதில் மாட்டும். எட்டு மாதமாக அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் கேபிள் காரில் கீழே லா பாஸ் நகரத்துக்கு இறங்கினோம். தோன் எவாரிஸ்தோ சூட் போட்டு வந்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் தலைமுடியைப் பசையால் படிய வைத்த விற்பனைக்காரன் ஓடி வந்தான், அவரிடம்.

"வாங்க முதலாளி, என்ன பாக்கணும்?"

"கேமரா. பெருசா. மேடையில வச்சுக் குடுக்கறது. தூரத்துல இருந்து பாத்தாலும் கேமரான்னு தெரியணும்."

"எனக்குத்தான் கேமரா" என்றாள் சபீனா. "அந்த மூலையில இருக்கறதக் கொஞ்சம் எடுங்க. இதுவரைக்கும் எத்தன தடவ கிளிக் ஆயிருக்குன்னு பாக்கணும்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், சிரித்தான். "அது பழசு, மமித்தா. சும்மா காட்சிக்கு வச்சிருக்கோம்." பாவாடைக்காரிகளை எல்லாம் இந்தக் கடைக்காரர்கள் இப்படித்தான் மமித்தா, மமித்தா என்று குழைவார்கள். நாற்பத்தொரு வயதுக்காரியைத் தொட்டில் குழந்தை மாதிரி. மறுபடி அவரிடம் திரும்பி, மஞ்சள் எழுத்துக் கேமரா ஒன்றைத் தூக்கி மேஜையில் வைத்தான். அடியில் ஒரு பாட்டரிப் பெட்டி, முன்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ், கூடவே பை, முக்காலி, கார்டு எல்லாம் இலவசம்.

"இது எவ்வளவு தூரம் பாக்கும்?" என்று கேட்டார் தோன் எவாரிஸ்தோ.

"முதலாளி, இங்க இருந்து இயிமானி மலை மேல இருக்கற பனிய எண்ணலாம்."

"நான் மலைய எடுக்கறதில்ல கொம்பாத்ரே" என்றாள் சபீனா. "மண்டபத்துக்குள்ள ஆடுறவங்கள எடுக்கறேன். இந்த ஜூம் இருட்டுல ஒண்ணும் பாக்காது. முக்கியமா என்கிட்ட இருக்கற லென்சு மூணும் இதுல மாட்டாது. இது வேற கம்பெனி."

"மாட்டாட்டி என்ன? இதுக்கே லென்சு குடுக்கறாங்களே. உங்களது மூணும் பழசுதானே?"

"ஒம்பது வருஷமாச் சேத்தது."

"அதத்தான் நானும் சொல்றேன், பழசு" என்றார் அவர். விற்பனைக்காரன் சிரித்தான். "எத்தன மெகாபிக்சல்?" என்று அவனைக் கேட்டார் தோன் எவாரிஸ்தோ.

அவன் ஒரு எண் சொன்னான். மூலையில் இருந்ததன் எண்ணையும் சொன்னான், அது குறைச்சல். தோன் எவாரிஸ்தோ சபீனாவைப் பார்த்துக் கையை விரித்தார், வழக்குத் தீர்ந்தது என்பதுபோல.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எடுக்கப்போறது அவ. அவ சொல்றதக் காதுல வாங்குங்க" என்றேன்.

"ருஃபீனா, நீ அச்சுப் போடுறவ. இதுல தலையிடாத." பிறகு சபீனா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கொமாத்ரே, யோசிச்சுப் பாருங்க. பத்ரினோ எவனாவது பழசக் குடுப்பானா? ஓரம் தேஞ்சத? மேடையில ரிப்பன் கட்டி அத நான் தூக்கிக் காட்டுனா ஊரே சிரிக்கும். எனக்கும் மரியாத இருக்கில்ல?"

அதுதான் விஷயம். வெளிச்சமும் இல்லை, லென்சும் இல்லை, மேடையில் அவர் தூக்கிக் காட்டப் போகும் பெட்டி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதுதான் அந்தக் கடையில் நடந்த மொத்தப் பேச்சும். பில்லில் அவர் பேர் எழுதினார்கள். கேபிள் காரில் திரும்பும்போது பெட்டி அவர் மடியில் இருந்தது. சபீனா முதுகுத் துணியை முன்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவின் விருந்து. ஜன்னலே இல்லாத மண்டபம், பட்டப்பகலிலும் ஊதா விளக்குத்தான். பன்றி வறுவலும் அவித்த சோளமும் பரிமாறி முடிந்ததும் மைக்கில் கூப்பிட்டார்கள். தோன் எவாரிஸ்தோ மேடை ஏறினார், பின்னாலேயே சபீனா. கேமராவின் கழுத்தில் அவர் பேர் தங்க எழுத்தில் மின்னும் ரிப்பன். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். பேண்டு ஒருமுறை முழங்கி நின்றது. வலது கையால் கேமராவைச் சபீனாவிடம் கொடுத்தவர், இடது கையை நீட்டினார். யாரோ அதில் ஒரு பீர் புட்டியை வைத்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடியும் பீர் புட்டி.

சபீனா கேமராவைச் சட்டென்று மார்போடு அணைத்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு மைக்கை எடுத்தாள். "ஒரு நிமிஷம் கொம்பாத்ரே" என்றாள். முதுகுத் துணியை முன்னால் இழுத்து அவிழ்த்து, பூனையை வெளியே எடுத்தாள். புதுக் கேமராவின் ஜூமைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். பூனையை அந்த வாயில் வைத்துத் திருகினாள். அது நிற்கவில்லை, வழுக்கியது. இன்னொரு முறை வைத்தாள், வழுக்கியது. மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் லென்சு மூணும் இதுல நிக்காது" என்றாள் மைக்கில். "வெள்ளிக்கிழம கடையில நாலு தடவ சொன்னேன். கொம்பாத்ரே, உங்க கடைக்கு ஒருத்தன் மினிபஸ்ஸ ஓட்டிட்டு வர்றான். லாரி டயரு நல்லா பெருசா இருக்குன்னு அதையா மாட்டி அனுப்புவீங்க?"

முதலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மினிபஸ் டிரைவர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது முன்வரிசை வரை வந்தது. பேண்டில் பெரிய மேளம் அடிப்பவன்கூடச் சிரித்துவிட்டான்.

தோன் எவாரிஸ்தோவின் முகம் அந்த விளக்கில் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. "நன்றி கெட்டவ" என்றார். "உனக்குப் போயி நல்லது செஞ்சேன் பாரு." பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளை நீ என்று சொன்னார், அதுவும் மைக் திறந்திருக்கும்போது. இறங்கி நேரே வாசலுக்குப் போய்விட்டார். கேமரா அவள் கையிலேயே இருந்தது, ரிப்பனோடு.

மறுநாள் சபீனா அந்தக் கடைக்குப் போனாள். "மாத்திக் குடுக்கறோம் மமித்தா, பில்லுல பேர் இருக்கறவர் நேர்ல வரணும்" என்றார்கள். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மூன்று பேர் போன் செய்து, படத்துக்கு வேறு ஆள் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு முடியிறக்கு விழா, ஒரு கல்யாணம், ஒரு லாரிக்குப் பூசை. கீழே லா பாஸிலிருந்து ஒருவன் வந்து எடுத்தான். நான் பிரிண்டரை மூடி வைத்துவிட்டு அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாமோ?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீ பேசுனது கம்மி" என்றேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவளைக் காப்பாற்றியது நியாயம் இல்லை. நியாயத்துக்காக அந்த மனிதர் ஒரு அடி எடுத்து வைத்திருக்க மாட்டார். காப்பாற்றியது மினிபஸ் டிரைவர்கள். மண்டபத்தில் கேட்டதை அவர்கள் விடவில்லை. தினமும் எவனாவது ஒருத்தன் டயர் கடை முன்னால் வண்டியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டுவான்.

"தோன் எவாரிஸ்தோ! நம்ம மினிபஸ்ஸுக்கு ஒரு லாரி டயரு குடுங்களேன்!"

"இருக்கறதுலயே பெருசு! ரிப்பன் கட்டிக் குடுங்க!"

காற்று அடிக்க வந்தவன்கூடக் கேட்டானாம், டயர் எத்தனை மெகாபிக்சல் என்று. இரண்டு வாரம் தாங்கினார். மூன்றாவது வாரம் அவர் மனைவி தோன்யா ஒர்டென்சியா, சந்தையில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம் செய்கிறவள், எங்களைப் பார்க்க வந்தாள். உட்காரவில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு கேபிள் கார் நிலையத்துக்கு வா, சபீனா. பெட்டிய எடுத்துட்டு வா" என்றாள். "அந்த ஆளு ராத்திரி சோறு திங்கறதில்ல. டயருன்னு யாராவது சொன்னாலே எந்திரிச்சுப் போயிடறாரு. டயரு கடைக்காரனுக்கு இப்படி ஒரு வியாதி வந்தா நாங்க என்னத்தத் திங்கறது?"

மறுநாள் அதே கடை, அதே பசை முடி. "வாங்க முதலாளி, என்ன விஷயம்?" என்று அவரிடம்தான் வந்தான்.

தோன் எவாரிஸ்தோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்கிட்ட கேக்காத. அவங்ககிட்ட கேளு" என்றார். சமாதானமாகச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எப்படியோ, சொன்னார்.

சபீனா அவசரப்படவே இல்லை. மூலையில் இருந்த கேமராவை எடுக்கச் சொன்னாள். எத்தனை முறை கிளிக் ஆகியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கச் சொன்னாள், நாற்பத்தோராயிரம். இன்னும் இரண்டு மடங்கு ஓடும். சென்சாரில் தூசி இருக்கிறதா என்று வெள்ளைத் தாளைப் படம் எடுத்துப் பார்த்தாள். இரண்டு கார்டும் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்தாள். பாட்டரிக் கதவை ஆறு தடவை திறந்து மூடினாள். அந்த விற்பனைக்காரன் ஒரு மணி நேரம் வியர்த்தான். கடைசியில் துணியை அவிழ்த்துப் பூனையை எடுத்து வைத்துத் திருகினாள். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். மூன்று வாரமாக வராத அழுகை எனக்குத்தான் வந்தது.

வெளியே வந்ததும் தோன் எவாரிஸ்தோ கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன மதுப் புட்டியை எடுத்தார். பழக்கம் விடுமா? சபீனா கையை நீட்டி அதை வாங்கினாள். கடை வாசல் கல்லுக்குப் பக்கத்தில், மண் தெரிகிற இடமாகப் பார்த்து மூன்று சொட்டு விட்டாள். மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தாள்.

"குடிக்கறது பச்சமாமா, கொம்பாத்ரே. கேமரா குடிக்காது."

அவர் புட்டியைப் பைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். அந்த வாரமே சபீனாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. கல்யாணங்கள் திரும்பி வந்தன. இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஜூலையில் எங்கள் பெரிய திருவிழா. தெருவில் ஆடி முடித்து எல்லோரும் மண்டபத்துக்குள் போனார்கள். இருட்டில், ஊதா விளக்கில், பூனை எடுத்த படங்கள் என் பலகையில் விழுந்தன. ஒவ்வொரு முகத்திலும் வியர்வைத் துளி தெரிந்தது, முகமூடிக்குப் பின்னால் கண் தெரிந்தது. இப்படி ஒரு படம் எங்கள் குழுவுக்கு யாரும் எடுத்ததில்லை. வாசலில் கூட்டம் நெரிந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோன் எவாரிஸ்தோ, சூக்ரே நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாத்தீங்களா தெளிவ? கேமராவ நான்தான் பாத்து எடுத்துக் குடுத்தேன். கடையில என்னென்னமோ புதுசு புதுசாக் காட்டுனாங்க. பெருச எடுங்க, பெருச எடுங்கன்னாங்க. நான்தான் சொன்னேன், ஓரம் தேஞ்சிருந்தா என்ன, இருக்கற லென்சு மாட்டணும்ல? டயரு மாதிரிதான இதுவும்."

டயர் மாதிரிதானாம். என் காதில் விழுந்தது. தாளைக் கோணலாகச் செருகி ஒன்றை வீணாக்கிவிட்டேன். பக்கத்தில் கார்டு கொடுக்க வந்த சபீனாவுக்கும் விழுந்தது.

"விடு ருஃபி" என்றாள். "சொல்லிட்டுப் போறாரு. லென்சு மாட்டுதில்ல." அடுத்த கார்டை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படி. வேலை நடந்தால் போதும் அவளுக்கு. அவள் இப்படி விட்டுவிட்டு வந்ததால்தான் அதற்குள் ஊர் முழுக்க அது அவர் கதையாக ஓடிக்கொண்டிருந்தது. மினிபஸ் டிரைவர்கள்கூட மறந்துபோயிருந்தார்கள். சிரித்தவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

சற்று நேரத்தில் அவர் என் பக்கம் வந்தார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நான் ஒரு ரப்பர் முத்திரை குத்துவேன், படம் எடுத்தவர் சபீனா லாருட்டா என்று. அதை விரலால் தட்டிக் காட்டினார்.

"ருஃபீனா, இதுக்குக் கீழ ஒரு வரி சேத்துரு. கேமரா தேர்வு, எவாரிஸ்தோ தார்க்கி. அடுத்த திருவிழாவுக்குள்ள புது முத்திரை செஞ்சிரு, காச நான் குடுத்துடறேன். அதுக்கும் நானே பத்ரினோ."

வரிசையில் நாற்பது பேர் நின்றிருப்பார்கள். நான் முத்திரையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாகக் கேட்டேன்:

"தோன் எவாரிஸ்தோ, மினிபஸ்ஸுக்கு லாரி டயரு இருக்கா?"

முதலில் சிரித்தது ஒரு டிரைவர்தான். அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருக்கிறது. அப்புறம் அவனுக்கு முன்னால் நின்றவள், அவளுக்கு முன்னால் நின்றவன், அப்படியே வரிசை முழுக்க. சூக்ரே விருந்தாளிகள் என்ன, என்ன என்று கேட்க, ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள், கேமராவுக்குள் போன பீரிலிருந்து. தோன் எவாரிஸ்தோ தன் படத்தை மடிக்காமல் பத்திரமாகக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நான் முத்திரையை எடுத்து அடுத்த படத்தின் பின்னால் குத்தினேன். அதில் இன்றுவரை ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது.